சும்மா நடத்தல்

வங்காலைக் கிராமத்தை அடுத்து விரிந்து கிடக்கும் உப்புத் தரவையை மாலை ஐந்து மணிக்குமேற் பார்ப்பவர்கள் அங்கே ஒரு முதிய தம்பதியரைக் காணத் தவறமாட்டார்கள். கணவரும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சுண்ணக்கட்டி பிடித்த கைகள் இப்பொழுது ஊன்றுகோலையும் பேரப்பிள்ளைகளின் விரல்களையும் பிடித்திருக்கின்றன. மாரி தொடங்கியதும் வடதிசையிலிருந்து வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டியபடியே அவர்கள் நடப்பார்கள். விடுமுறைக்கு மக்களும் மருமக்களும் வந்துவிட்டால் நடை இன்னும் நீளும். ஒரு நாள் கட்டுக்கரைக் குளத்தின் கட்டு. ஒரு நாள் பள்ளிமுனையில் நிற்கும் பழம்பெரும் பெருக்கமரம். ஒரு நாள் அரிப்புக் கடற்கரை. கட்டுச்சோற்றை நிழலிலே பிரித்துண்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். முதுமையை இவ்வாறு கழிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரிலே பலரும் சொல்வதுண்டு.

கடந்த மாரியில் ஒரு நாள் அவர்கள் கருவாடு காயவிடும் பந்தலொன்றைக் கடந்து செல்கையில், அங்கே நின்ற ஒரு பெண் கேட்டாள். அவளுக்கும் அவர்களுடைய வயதுதான் இருக்கும்.

"ரீச்சர், ஒவ்வொரு நாளும் எங்க போறியள்?"

"ஓரிடமுமில்லை அக்கா. சும்மா நடக்கத்தான்."

"சும்மா நடக்கவோ! எங்களுக்குச் சும்மா இருக்கவே நேரமில்லை."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு மீனைப் புரட்டத் தொடங்கினாள். ஆனால் அந்தச் சொல் அவ்விருவரையும் விடவில்லை. அதன்பின் இரண்டு வாரம் அவர்கள் தரவைப் பக்கமே போகவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் சென்றிருந்தபோது அப்பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நாங்கள் நடக்கிறது பிழையோ?"

இக்கேள்வி சிறிதுபோலத் தோன்றும். ஆயினும் அறவியலின் பழைய கேள்வியொன்று இதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. பிறருக்குக் கிட்டாத ஓர் இன்பத்தை நுகர்பவன் அதற்காக நாணவேண்டுமா? நாணவேண்டுமாயின் அந்நாணம் அவனை எங்கே கொண்டுசெல்ல வேண்டும்?

வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் விடைகளை முதலில் நோக்குவோம்.

"நாம் உழைத்தோம், ஆகவே ஓய்கின்றோம்" என்பது முதல் விடை. ஆசிரியத் தொழில் உழைப்பே என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கருவாட்டுப் பந்தலிலே நிற்பவள் உழைக்கவில்லையா? சிறுமியாய் இருந்த நாள்முதல் அவள் கைகள் உப்பிலேயே கிடந்தன. அவளுடைய கணவன் அறுபத்தைந்தைக் கடந்த பின்னரும் விடியுமுன் வள்ளத்திலே ஏறுகின்றான். உழைப்புக்குப் பரிசு ஓய்வு என்றால், கடலோடியே நம் எல்லாருக்கும் முன்பு ஓய்ந்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு அறுபது வயதிலே கிடைக்கும் ஓய்வூதியம் பொதுப்பணத்திலிருந்து வருகின்றது. அப்பொதுப்பணத்தின் பெரும்பகுதி நாட்டுமக்கள் வாங்கும் பண்டங்களின்மீது விழும் வரிகளிலிருந்தே சேர்கின்றது. சீனியும் சவர்க்காரமும் வாங்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணும் அதனைச் செலுத்துகின்றாள். ஆகவே தரவையில் நடக்கும் ஆசிரியரின் மாலைப்பொழுதுக்கு அவளும் ஒரு பங்கு கொடுத்திருக்கின்றாள். தன் மாலைப்பொழுதுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை.

"அவரவர்க்கு விதித்தது அவ்வளவுதான்" என்பது இரண்டாம் விடை. விதியின் பெயரால் இதனைச் சொல்பவர்கள், அவ்விதியை எழுதிய கைகளைத் தேடிப் பார்ப்பதில்லை. 2022 ஆகஸ்டிலே, மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பே பல வாரங்கள் எண்ணெயின்றி வள்ளங்கள் கரையிலே கிடந்தன. கடலோடியின் முதுமையை இன்னும் சில ஆண்டு கடலுக்குள் தள்ளிய அந்த முடிவு, தலையெழுத்தாக வானத்திலிருந்து வரவில்லை. வர்த்தமானியும் சுற்றறிக்கையும் வெளியிடும் மனிதரிடமிருந்தே வந்தது.

மூன்றாம் விடைதான் நல்லவர்களை மயக்குவது. "பிறருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்" என்று இன்பத்தைத் துறப்பது. இரண்டு வாரம் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்த அத்தம்பதியர் செய்ததும் இதுதான். அவர்களின் நாணத்தை நான் மதிக்கின்றேன். அந்நாணம் இல்லாதவனிடம் அறத்தைப்பற்றிப் பேசிப் பயனில்லை. ஆயினும் அவர்கள் நடவாது விட்டமையால் கருவாட்டுப் பந்தலிலே ஒரு நாழிகை ஓய்வு கூடியதா? பேரப்பிள்ளைகள் பறவை பார்ப்பதை இழந்தார்கள், அவ்வளவே நடந்தது. உலகத்திலே இன்பத்தின் மொத்த அளவு சற்றே குறைந்தது. துன்பம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே கேள்வியை வேறு வழியிலே அணுகவேண்டும். நடை ஏன் சிலருக்கு இன்பமாகவும் பலருக்குத் துன்பமாகவும் ஆயிற்று என்று வினவுவோம்.

தமிழ் இலக்கியம் கற்றவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நமது பழைய இலக்கியங்களிலே நெடுந்தூரம் நடப்பவர் யாவர்? ஆற்றுப்படை நூல்களிலே பாணரும் பொருநரும் கூத்தரும் சுற்றத்தோடு நடக்கின்றனர். பசி அவர்களை நடத்துகின்றது. பாலைப் பாட்டுகளிலே பொருள் தேடும் தலைவன் நடக்கின்றான். உடன்போக்கிலே தலைவி, தமர் துரத்தி வருவர் என்ற அச்சத்தோடு நடக்கின்றாள். சிலப்பதிகாரத்திலே கடலாடிக் களிக்கச் செல்லும் நாளிற் கோவலன் கோவேறு கழுதைமீது செல்கின்றான். மாதவி வண்டியிலே செல்கின்றாள். அவனே எல்லாம் இழந்த பின்னர்க் கண்ணகியோடு மதுரைக்குக் கால்நோவ நடக்கின்றான். களிப்பு ஊர்தியிலே செல்வதையும் வறுமை கால்நடையாய்ச் செல்வதையும் இளங்கோ ஒரே காவியத்திலே காட்டிவிட்டார்.

மன்னார்க் கரையின் வரலாறும் அவ்வாறே. கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இக்கரையிலே இறங்கினர். காட்டுவழியே மாத்தளைவரை நடத்தப்பட்டனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அதே நூற்றாண்டின் தொடக்கத்திலே, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவும் கடற்காற்று வாங்கவும் தேசாதிபதி நோர்த் அரிப்பிலே ஒரு மாளிகை கட்டுவித்தார். அதன் சிதைவுகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. கடற்காற்று இருவருக்கும் ஒன்றாகவே வீசியிருக்கும். மாடியிலே நின்றவருக்கு அது இன்பம், மணலிலே மூட்டையோடு நின்றவனுக்கு அது குளிர்.

நம் காலத்திலும் இம்மண் நடந்தே களைத்தது. 1985 ஜனவரி 6ஆம் நாள் வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்ரியான் அடிகளார் இவ்வூரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் எத்தனையோ தடவை மக்கள் வீட்டை விட்டு ஓடினர். 1990 ஒக்டோபரிலே, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள், கையிலே எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளத்தை நோக்கிச் சென்றனர். அன்று தமிழராகிய நாம் பெரும்பாலும் வாய்மூடி நின்றோம் என்பதையும் மறைக்கலாகாது. 2007இலும் 2008இலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் மக்கள் கிழக்கே நடக்கத் தொடங்கினர். ஊருக்கு ஊர் பெயர்ந்து, 2009இலே முள்ளிவாய்க்காலில் அந்நடை முடிந்தது. இவர்களிடம் சென்று, "நடப்பது உடலுக்கு நல்லது, மனத்துக்கு இன்பம்" என்று யார் சொல்லக்கூடும்?

இவ்விரு நடைகளுக்கும் உள்ள வேற்றுமை தூரத்திலில்லை. கால்கள் செய்யும் வேலையும் ஒன்றே. ஒருவன் தானே விரும்பிப் புறப்படுகின்றான், களைத்தால் நிற்கின்றான், திரும்பிச் செல்ல அவனுக்கு ஒரு வீடும், அவ்வீட்டிலே நாளைக்கு உணவும் இருக்கின்றன. மற்றவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. எனவே நடையை இன்பமாக்குவது இயற்கைக் காட்சி மட்டுமன்று; புறப்படவும் நிற்கவும் திரும்பவும் உள்ள உரிமையே அதனை இன்பமாக்குகின்றது. அவ்வுரிமை சமுதாயம் வழங்குவது. சமுதாயம் பறிப்பதும் அதுவே.

இதனை ஐரோப்பியத் தொழிலாளர் எப்போதோ உணர்ந்தனர். 1895இல் வியன்னாவிலே ஓர் ஆசிரியரும், ஓர் இரும்புத் தொழிலாளரும், பிற்காலத்தில் ஒஸ்திரிய நாட்டின் தலைவரான கார்ல் ரென்னர் என்னும் மாணவரும் முன்னின்று 'இயற்கை நண்பர்கள்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். மலையேறுதல் செல்வரின் பொழுதுபோக்காய் இருந்த காலம் அது. ஆலைப் புகையிலே கிடந்த தொழிலாளருக்கும் மலையும் காடும் உரியன என்பதே அச்சங்கத்தின் கொள்கை. பாசிசம் வந்ததும் முதலிலே தடைசெய்யப்பட்ட அமைப்புகளுள் இதுவும் ஒன்றாயிற்று. ஓய்ந்திருக்கும் தொழிலாளி சிந்திக்கத் தொடங்குவான் என்பதை நம்மைவிடக் கொடுங்கோலர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இங்கிலாந்திலே 1932 ஏப்ரல் 24ஆம் நாள் மன்செஸ்ரர் நகரையடுத்த ஊர்களைச் சேர்ந்த சில நூறு தொழிலாளர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்திலே ஏறி நடந்தனர். நிலப்பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த நிலம் அது. அந்நடையையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கிலே ஐந்து இளைஞர் சிறை சென்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ரொத்மனுக்கு அப்போது வயது இருபது. ஆனால் 1949இலே மக்கள் நாட்டுப்புறங்களில் நடப்பதற்குச் சட்டம் வந்தது. 1951இலே அப்பகுதியே அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. பிரான்சிலே 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின் பின் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரு வார விடுமுறை கிடைத்தது. அந்தக் கோடையிலே வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் பல. ஓய்வும் ஓய்வுநேரமும் மனிதரின் உரிமை என்று 1948இலே வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. அந்த உறுப்புரைக்குப் பின்னே இத்தகைய கால்களின் புழுதி இருக்கின்றது.

பிரான்சின் தொழிலாளி கடலைக் கண்டு மகிழ அவனுக்கு ஓய்வு வேண்டியிருந்தது. வங்காலையின் கடலோடியோ நாள்தோறும் கடலிலேயே இருக்கின்றான்; ஆயினும் அவன் கடலைப் பார்ப்பதில்லை. காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் பார்க்கின்றான். எண்ணெயின் அளவைப் பார்க்கின்றான். அழகாகப் பார்க்க அவனுக்குப் பொழுதில்லை.

பழைய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் ஓய்வை மனித வாழ்வின் உயர்ந்த நிலையாகப் போற்றினார். 'பள்ளி' என்பதற்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் சொல்லே, ஓய்வு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆயினும் அவர் போற்றிய ஓய்வு அடிமைகளின் முதுகிலே கட்டப்பட்டது. தறி தானே நெய்யுமாயின் எசமானனுக்கு அடிமை வேண்டியிராது என்ற கருத்தை அவரே எழுதியுள்ளார். இன்று தறி தானே நெய்கின்றது. நம் கடற்கரைக்கும் நைலோன் வலை வந்தது. வள்ளத்துக்கு இயந்திரம் வந்தது. துடுப்பு வலித்த தோள்கள் அதனால் ஓய்வு பெற்றனவா? இயந்திரத்தின் கடனுக்கும் எண்ணெயின் விலைக்குமாக முன்னினும் தூரம் ஓடவேண்டியதாயிற்று. கருவி வந்தால் ஓய்வு வரும் என்பது தானாக நிகழும் காரியமன்று; கருவியின் பயன் யாருக்குச் சேர்கின்றது என்பதைப் பொறுத்தே அது நிகழும்.

நம்மவரிடையே இதற்கு ஓர் ஆன்மிகத் தடையும் உண்டு. 'சும்மா இருத்தல்' என்பதை நம் ஞானிகள் மிக உயர்ந்த பேறாகப் பாடினர். அதே சொல்லை உழைப்பாளியின்மீது பிரயோகிக்கும்போது நாம் அதனைச் சோம்பல் என்கின்றோம். துறவி சும்மா இருந்தால் முத்தி. கூலிக்காரன் சும்மா இருந்தால் குற்றம்! இந்த இரட்டை அளவுகோலை முறிக்காமல் ஓய்வைப்பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "ஏழைகளுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, நடையும் பறவையும் படித்தவர்களின் விருப்பம்" என்பர் சிலர். இவர்கள் மடுத் திருவிழாவைக் காணாதவர்கள். ஆடி மாதத் திருவிழா ஜூலை 2ஆம் நாள். ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் நாள். அந்நாள்களிலே கடற்கரைக் கிராமங்களின் குடும்பங்கள் சட்டிபானையோடு மடுக் காட்டுக்குச் சென்று, மரங்களின்கீழே கூடாரமும் கொட்டிலும் அமைத்துத் தங்குகின்றன. நேர்த்தி வைத்து நடந்தே செல்லும் முதியவர்களும் உண்டு. கிழவனும் கிழத்தியும் பாயிலே சாய்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் வேர்களிலே ஏறி விளையாட, மருமகள் விறகடுப்பிலே சோறு வடிப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும்: காட்டின் நிழலையும் குடும்பத்தோடு இருக்கும் பொழுதையும் அனுபவிக்க இம்மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பக்தியின் பெயராலாவது ஆண்டுக்குச் சில நாள்களைக் கடலிடமிருந்து மீட்டுக்கொண்டார்கள். மற்ற நாள்களை மீட்பதற்கு இன்னும் ஒரு வழி பிறக்கவில்லை.

நடையே ஒரு நினைவேந்தலாகவும் உரிமைக் குரலாகவும் மாறக்கூடும் என்பதற்கும் அண்மையிலே சான்று கிடைத்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி, 2023 ஜூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் மாதத்திலே மாத்தளையை அடைந்த நடைப்பயணத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். முன்னோர் மூட்டையோடு விழுந்து மடிந்த பாதையிலே பின்னோர் தாமே விரும்பி நடந்தனர். நிலமும் வீடும் நியாயமான கூலியும் கேட்டு நடந்தனர். அதே மலைநாட்டிலே இன்று உலகப் பயணிகளுக்காக, பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நடைவழியொன்று அமைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வழி அழகானது என்பதில் ஐயமில்லை. அவ்வழியோரத்திலே கொழுந்துக் கூடையோடு நிற்பவள், தன் முதுமையிலே அதே வழியிலே பேத்தியின் கையைப் பிடித்துச் சும்மா நடந்துபோக முடியுமா என்பதே கேள்வி.

வங்காலைக்குத் திரும்புவோம். இக்கரையின் 4,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலம் 2008இலே சரணாலயமாக்கப்பட்டது. 2010இலே சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கண்டங்களைக் கடந்து வரும் பறவை இங்கே சில மாதம் தங்கி இளைப்பாறுவதற்கு உலகம் ஒப்பந்தம் எழுதி உறுதி கொடுத்திருக்கின்றது. அது நல்லதே, அவ்வுறுதி காக்கப்படவும் வேண்டும். ஆனால் அப்பறவையோடு ஒரே நீரிலே வாழ்நாள் முழுதும் நின்ற மனிதனுக்கு இளைப்பாற உறுதி எங்கே? மீனவர் ஓய்வூதியத்துக்கென 1990இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அரச ஊழியருக்கு வருவதுபோல் அது தானாகக் கைக்கு வருவதில்லை. தவணைப்பணம் செலுத்துபவருக்கே உரியது. மாரிக் கடலிலே வெறும் வள்ளத்தோடு திரும்புபவன் தவணையை எப்படி ஒழுங்காகச் செலுத்துவான்? கருவாடு காயவைக்கும் பெண்ணைப் பெரும்பாலும் மீனவர் என்ற சொல்லுக்குள்ளேயே யாரும் சேர்ப்பதில்லை. தொழிற்சங்கங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், ஓய்வூதியம் பெறும் நம் ஆசிரியர் சமூகமும் ஒருமித்துக் கேட்கவேண்டிய முதற் கோரிக்கை இதுவே: உழைத்த எவருக்கும் முதுமையிலே பசியில்லாத ஓய்வு.

ஆகவே அப்பெரியவருக்கு நான் சொன்ன விடை இது: "ஐயா, நீங்கள் நடப்பது பிழையில்லை. அவர்கள் நடக்க முடியாதிருப்பதே பிழை. நீங்கள் வீட்டுக்குள் இருந்தால் அந்தப் பிழை கண்ணில் படாமற் போய்விடும்." உமது இன்பம் எல்லாருக்கும் வரவேண்டியது, ஒரு சிலருக்கு முன்கூட்டி வந்துவிட்டது. முன்கூட்டிப் பெற்றவன் அதனை வீசியெறியத் தேவையில்லை. மற்றவர்க்கும் அது கிடைக்கும்வரை தான் கடன்பட்டவன் என்பதை அவன் மறவாதிருக்க வேண்டும். நாணம் அந்தக் கடனை நினைவூட்டுமாயின் நல்லது. கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுமாயின் அதனாற் பயனில்லை.

அவர்கள் மறுபடியும் நடக்கின்றார்கள். போகும்போது கருவாட்டுப் பந்தலருகே நின்று பேசுகின்றார்கள். கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் அந்தப் பெண்ணும் தன் பேரனோடு அவர்களுடன் தரவைவரை வந்தாள். ஆசிரியர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன பறவைப் பெயர்களுக்கு அவளிடம் வேறு பெயர்கள் இருந்தன. எந்தப் பறவை எந்த நீரோட்டத்தோடு வரும், எது இறங்கினால் அங்கே இறால் இருக்கும் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு போனாள். பிள்ளைகள் ஆசிரியரை விட்டு அவளைச் சூழ்ந்துகொண்டன. அரை மணி நேரங்கூட ஆகவில்லை; "அடுப்பிலை வேலை கிடக்கு ரீச்சர், நான் போட்டுவாறன்" என்று சொல்லிவிட்டு விரைந்து திரும்பிவிட்டாள்.

அந்த அரை மணியை ஒரு மாலைப்பொழுதாகவும், ஒரு மாலைப்பொழுதை அவளுடைய முதுமைக்காலமாகவும் வளர்த்தெடுப்பது அவளொருத்தியால் ஆகக்கூடியதன்று. அத்தம்பதியரின் நல்லெண்ணத்தால் மட்டும் ஆகக்கூடியதுமன்று. அது நம் அனைவருடைய வேலை. எழுதுபவர்களும் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் அவ்வேலையை இன்றே தொடங்க வேண்டும்.